எண் மாறினாலும் கணக்கு மாறக் கூடாது

கேள்வி: கோத்தகிரி பக்கம் சிறு தேயிலை விவசாயிகளுக்காக நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஓர் இணையக் குழுமம் நடத்துகிறோம். சுமார் 3,000 உறுப்பினர்கள். பசுந்தேயிலை விலையைப் பகிர ஒரு செயலி, கேள்வி-பதிலுக்கு ஒரு தளம், பயிற்சி வீடியோக்களுக்கு இன்னொன்று. மூன்றுக்கும் தனித்தனி லாகின். பாஸ்வேர்டு மறந்தவர்களுக்குப் புதியதை வாட்ஸ்அப்பில் அனுப்புவதிலேயே எங்கள் மாலை நேரம் போய்விடுகிறது. லாகினுக்கும் கணக்குப் பராமரிப்புக்கும் மட்டும் தனியாக ஒரு சேவை கட்டலாமா? மொபைல் எண்ணும் ஓடிபியும் மட்டும் வைத்தால் போதுமா?

பதில்: தனிச் சேவை கட்டுங்கள், அது சரியான முடிவு. ஆனால் மொபைல் எண்ணும் ஓடிபியும் மட்டும் போதாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தத் தவறை நான் செய்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஓர் உறுப்பினர் தளத்தில் மொபைல் எண்ணையே கணக்காக வைத்திருந்தோம். எண் இருந்தால் ஆள் இருக்கிறார் என்று நம்பினோம். ஒரு பெரியவர் ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில் அவர் எண் ரத்தாகிவிட்டது. நம் நாட்டில் துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாட்களுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அப்படி அந்த எண்ணை வாங்கிய இளைஞர் எங்கள் தளத்தில் பதிவு செய்யப் பார்த்தார். ஓடிபி போட்டதும் பெரியவரின் கணக்கு அப்படியே திறந்துகொண்டது. தனிச் செய்திகள், நில விவரம், கடன் பற்றி அவர் கேட்டிருந்த கேள்வி எல்லாமே திரையில். அந்த இளைஞர் நல்லவர், எங்களுக்கு உடனே தகவல் சொன்னார். எல்லாரும் அப்படி இருக்க மாட்டார்கள்.

அதனால் கணக்குக்கு அடிப்படை, நீங்கள் தரும் ஒரு நிரந்தர உள் எண்ணாக இருக்க வேண்டும். யாராலும் ஊகிக்க முடியாத, என்றைக்கும் மாறாத எண். மொபைல், மின்னஞ்சல், பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனிலேயே இருக்கும் மின்சாவி) எல்லாம் அந்தக் கணக்கைத் திறக்கும் சாவிகள் மட்டும்தான். அவற்றைத் தனி அட்டவணையில் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எப்போது சரிபார்க்கப்பட்டது என்ற தேதியும் இருக்கட்டும். ஆறு மாதமாக ஆள் வரவில்லை என்றால் ஓடிபியை மட்டும் நம்பி உள்ளே விடாதீர்கள், இன்னொரு சாவியும் கேளுங்கள்.

இதில் நம் மலைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. பட்டா அம்மா பெயரில் இருக்கும், போன் மகன் கையில் இருக்கும். ஒரே எண்ணில் இரண்டு உறுப்பினர்கள் இருப்பது இங்கே சாதாரணம். 'ஓர் எண்ணுக்கு ஒரு கணக்குதான்' என்று டேட்டாபேஸில் கட்டுப்பாடு போட்டால், அம்மாக்களை வெளியே தள்ளிவிடுவீர்கள். ஓடிபி சரியாக இருந்தால் 'யாருடைய கணக்கு?' என்று இரண்டு பெயரையும் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பெயரையும் தனித்துவமாக இருக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். ஒரே ஹட்டியில், அதாவது ஒரே மலைக் கிராமத்தில், ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள்.

சரி, எதைக் கொண்டு கட்டுவது? பாஸ்வேர்டு சரிபார்க்கும் பகுதியை நீங்களே எழுத வேண்டாம். லாகின் வேலையைப் பார்த்துக்கொள்ளும் கீகிளோக் போன்ற திறமூல மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். இலவசம், பல வருடங்களாகப் பலர் சோதித்தது. ஜாவாவில் ஓடுவதால் 2 ஜிபி ரேமாவது கொடுங்கள். சர்வரைக் கோத்தகிரி அலுவலகத்தில் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் ஒரு மரம் கம்பியில் சாய்ந்தால் மூன்று தளங்களும் சேர்ந்து நின்றுவிடும். ஒரே லாகின் என்றால் அது விழும்போது எல்லாமே விழும், அதை மறக்கக் கூடாது.

உங்கள் மூன்று தளங்களும் லாகின் சேவையுடன் ஓபன்ஐடி கனெக்ட் என்ற நெறிமுறையில் பேசும். 2014-இல் வந்தது, ஒரு செயலிக்கு அனுமதி கொடுக்கும் ஓஆத் 2.0 என்ற நெறிமுறையின் மேல் கட்டப்பட்டது. வேலை செய்யும் விதம் உங்களுக்குப் பழக்கமானதுதான். இலையை எடை போடும் இடத்தில் சீட்டு தருவார்கள், அப்புறம் ஃபேக்டரி கணக்கில் அந்தச் சீட்டு பேசும், யாரும் மூட்டையைத் திரும்ப எடை போடுவதில்லை. அதுபோல விலைச் செயலி பயனரை லாகின் பக்கத்துக்கு அனுப்பும். பாஸ்வேர்டை அந்தப் பக்கம் மட்டும்தான் பார்க்கும். சரிபார்த்ததும் ஒருமுறை மட்டும் செல்லும் ஒரு குறியீட்டைத் திருப்பித் தரும். செயலி அதைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ளும், அதுதான் நம் சீட்டு. டோக்கனில் 'சப்' என்று ஒரு புலம் இருக்கும், அதுதான் ஆளின் நிரந்தர அடையாளம். மூன்று தளங்களும் அதை மட்டுமே சேமிக்கட்டும். மின்னஞ்சலை அடையாளமாக வைக்கக் கூடாது என்று அந்த நெறிமுறையே சொல்கிறது.

கீகிளோக்கை நிறுவியதும் ஒன்றை மாற்றுங்கள். அரை மணி நேரம் சும்மா இருந்தால் வெளியேற்றிவிடும் என்பதுதான் அதன் இயல்பு அமைப்பு. வங்கிக்கு அது பொருந்தும். காலையில் தோட்டத்துக்குப் போய் மத்தியானம் விலை பார்க்க வருகிறவருக்குப் பொருந்தாது. முப்பது நாளாவது உள்ளேயே இருக்கட்டும். பதிலுக்கு, 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்ற பொத்தானைக் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள்.

ஓடிபி எஸ்எம்எஸ் பற்றி இன்னும் கொஞ்சம். அனுப்புநர் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் டிஎல்டி என்ற, மொபைல் நிறுவனங்களின் பதிவுத் தளத்தில் முன்பே பதிவு செய்ய வேண்டும். தமிழில் அனுப்பினால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 70 எழுத்துக்குறிகள்தான் அடங்கும், தாண்டினால் இரண்டாகக் கணக்கிட்டுக் காசு போகும். அதனால் வாசகத்தைச் சுருக்குங்கள், ஆனால் தமிழை விடாதீர்கள். செலவைவிடப் பெரிய பிரச்சினை சிக்னல். பள்ளத்தில் இருக்கும் ஹட்டிக்கு ஓடிபி வந்து சேர்வதற்குள் அதன் நேரம் முடிந்துவிடும். போனிலேயே 30 விநாடிக்கு ஒருமுறை எண் உருவாக்கும் ஆதென்டிகேட்டர் செயலிக்குச் சிக்னலே தேவையில்லை. கைரேகையில் திறக்கும் பாஸ்கீ அதைவிட எளிது. புதிய போன் வைத்திருப்பவர்களுக்கு அதையே முதலில் காட்டுங்கள்.

பாஸ்வேர்டைத் தமிழில் வைக்கச் சிலர் விரும்புவார்கள், அனுமதியுங்கள். ஆனால் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 'கோத்தகிரி' என்பது கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு ஒன்பது குறியீடுகள், ஒவ்வொன்றும் சேமிப்பில் 3 பைட், ஆக 27 பைட். பாஸ்வேர்டை அப்படியே சேமிக்காமல், திரும்பப் படிக்க முடியாத ஒரு குறியாக (ஹாஷ்) மாற்றித்தான் வைப்பார்கள். அதற்குப் பழைய தளங்களில் பரவலாக இருக்கும் பிகிரிப்ட் முறை 72 பைட்டுக்கு மேல் பார்க்காது. அதாவது தமிழ்க் குறியீடுகளில் 24-ஓடு நின்றுவிடும். நீளமான தமிழ்ச் சொற்றொடர் வைத்தவரின் பின்பாதி வீணாகிவிடும். ஆர்கான்2 என்ற புதிய முறைக்கு அந்தச் சிக்கல் இல்லை, அதையே வையுங்கள். இன்னொன்று, 'கோ'வில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் சேர்த்து இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, ஆனால் ஹாஷ் வேறாகிவிடும். ஒரு கீபோர்டில் வைத்த பாஸ்வேர்டு இன்னொரு போனில் 'தவறு' என்று வந்தால் பாவம், அவர் தன் ஞாபகத்தைத்தான் சந்தேகிப்பார். ஹாஷ் செய்யும் முன், இரண்டு விதத்தையும் ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது. இரண்டு வேறு கீபோர்டுகளில் அடித்து நீங்களே சோதித்துப் பாருங்கள். தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டு மாற்றச் சொல்லும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

உங்கள் உழைப்பில் பாதியைக் கணக்கு மீட்புக்கு ஒதுக்குங்கள். வாட்ஸ்அப்பில் பாஸ்வேர்டு அனுப்புவதை இன்றே நிறுத்துங்கள். அட்மினுக்கு யாருடைய பாஸ்வேர்டும் தெரியக் கூடாது. பதிவு செய்யும்போதே பத்து மீட்புக் குறியீடுகளைக் கொடுத்து, தாளில் எழுதிப் பட்டாவோடு வைக்கச் சொல்லுங்கள். தாளும் போனும் தொலைந்தவருக்கு, அவரை நேரில் தெரிந்த இரண்டு உறுப்பினர்கள் உறுதி செய்யட்டும். அதன்பிறகும் உடனே திறக்காமல் 72 மணி நேரம் காத்திருங்கள். அதற்குள் கணக்கில் உள்ள எல்லாப் பழைய எண்களுக்கும் 'உங்கள் கணக்கைத் திறக்க ஒருவர் கேட்கிறார்' என்று செய்தி போகட்டும். யார் உறுதி செய்தார், எந்த அட்மின் ஒப்புதல் தந்தார் என்பது பதிவாக வேண்டும்.

பழைய கணக்குகளை இணைப்பது பற்றி: ஒரே மின்னஞ்சல் என்பதற்காகத் தானாக ஒன்று சேர்த்துவிடாதீர்கள். உங்கள் பழைய தளங்கள் மின்னஞ்சலைச் சரிபார்க்காமல் விட்டிருந்தால், அடுத்தவர் முகவரியில் யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கியிருக்கலாம். இரண்டு கணக்கிலும் லாகின் செய்து காட்டியவருக்கு மட்டும் இணைத்துக் கொடுங்கள். பழைய பாஸ்வேர்டு ஹாஷ்களைத் தூக்கி எறிய வேண்டாம். முதல்முறை வரும்போது பழைய முறையில் சரிபார்த்துவிட்டு அங்கேயே புதிய ஹாஷாக மாற்றிக்கொள்ளலாம்.

தவறான லாகின் முயற்சிகளை ஐபி முகவரியை (இணைய இணைப்பின் எண்) மட்டும் வைத்துத் தடுக்காதீர்கள். மொபைல் நெட்வொர்க்கில் நூற்றுக்கணக்கானோர் ஒரே ஐபியில் வருவார்கள், ஒருவர் தடுமாறினால் ஊரே பூட்டப்படும். கணக்கு வாரியாகவும் எண்ணுங்கள். ஆதார் எண் கேட்கவே கேட்காதீர்கள், உங்களுக்கு அது தேவையில்லை. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் தரவை அழிக்கக் கேட்கும் உரிமையைத் தருகிறது. அதனால் கணக்கை நீக்கும் வழியையும் முதல் நாளிலேயே கட்டிவிடுங்கள். எண்களும் பெயரும் அழியட்டும், அவர் மற்றவர்களுக்குச் சொன்ன பதில்கள் 'முன்னாள் உறுப்பினர்' என்ற பெயரில் நிற்கட்டும்.

எப்போது மாற்றுவது என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இலை வரத்து அதிகமாக இருக்கும் மாதங்களில் வேண்டாம். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் இலை வரத்து குறைவு, ஆட்களுக்கும் கொஞ்சம் நேரம் இருக்கும். முதலில் ஒரே ஒரு ஹட்டியிலிருந்து ஐம்பது பேரை மாற்றுங்கள். அவர்களில் வயதான ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் வாய் திறக்காமல், அவர் லாகின் செய்வதை முழுவதும் பாருங்கள். அவர் எங்கே விரலை நிறுத்தி யோசிக்கிறாரோ அந்தத் திரையைத் திருத்திவிட்டு அடுத்த ஹட்டிக்குப் போங்கள்.