பச்சை உடம்பும் குவாரெந்தேனாவும்

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கிறேன். மனைவி மெக்சிகோ குடும்பத்துப் பெண். குழந்தை பிறந்து 12 நாள். மான்டெர்ரேயிலிருந்து வந்த மாமியார், 40 நாள் வெளியே போகாதே, தலைக்குக் குளிக்காதே, வயிற்றை இறுக்கிக் கட்டு என்கிறார். ஆனால் விருந்தாளி வந்தால் என் மனைவியே எழுந்து அடுப்படிக்குப் போகிறாள். எதைக் கேட்பது, எதை விடுவது?

பதில்: மாமியாரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அவர் சொல்வது குவாரெந்தேனா, பிள்ளை பெற்றவளுக்கான நாற்பது நாள் ஓய்வு. பச்சை உடம்புக்காரி என்று நம் வீட்டில் பத்தியச் சோறு போட்டு உட்கார வைக்கிறோமே, ஏறக்குறைய அதேதான். சூடு, குளிர்ச்சிக் கணக்குகூட உண்டு. கோழியும் காய்கறியும் வெந்த கால்டோ, சோளமாவைக் கரைத்துக் காய்ச்சிய அத்தோலே எல்லாம் தாராளமாகச் சாப்பிடட்டும்.

தலைக்குக் குளிக்கலாம். வெந்நீரில் குளித்து, ஈரம் போகத் துவட்டிக்கொண்டால் பெரியவர் மனமும் ஆறும். ஃபாஹா என்னும் வயிற்றுக் கட்டு மூச்சை முட்டக் கூடாது; உள்ளே கை நுழைய வேண்டும். சிசேரியன் என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையலாம், வீட்டுக்குள் நடக்கட்டும்.

இரண்டை மட்டும் கண்டிப்பாகத் தடுங்கள். ஒன்று, ரூடா கஷாயம். நம் அருவதாதான், பால் கொடுப்பவளுக்கு ஆகாது. மற்றது, குழந்தையின் வயிற்றுக் கோளாறுக்குத் தரும் கிரேத்தா, அசார்கோன் என்ற மஞ்சள், ஆரஞ்சுப் பொடிகள். அவை காரீயம். சிட்டிகைகூட வேண்டாம்.

எனக்குப் பெரிய கவலை அந்த அடுப்படிதான். மரியன்னையைப் போல எல்லாம் தாங்குபவளே நல்ல பெண் என்ற எதிர்பார்ப்பை 1973-இல் எவலின் ஸ்டீவன்ஸ் 'மரியானிஸ்மோ' என்று எழுதினார். வீட்டில் அதற்கு ஒரே சொல்: அகுவாந்தா, பொறுத்துக்கொள். அப்படி வளர்ந்தவளிடம் 'உன்னைக் கவனித்துக்கொள்' என்றால் சுயநலமாகவே படும். குவாரெந்தேனா என்றால் குற்ற உணர்வில்லாமல் படுப்பாள். அவள் பாட்டியும் அப்படி ஓய்வெடுத்தவள்தான். ஆகவே வாசலில் நீங்கள் நின்று, "எஸ்தா என் குவாரெந்தேனா" (அவள் குவாரெந்தேனாவில் இருக்கிறாள்) என்று ஸ்பானிஷில் சொல்லுங்கள். வந்தவர்களுக்குப் புரியும், காபியை நீங்களே போடுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் ஓராண்டு முடித்திருந்தால், பொதுவாகத் தந்தைக்கும் 12 வாரச் சம்பளமில்லா விடுப்பு உண்டு.

வெளியே போகக்கூடாது என்பது மருத்துவருக்குப் பொருந்தாது. பிரசவமாகி 3 வாரத்துக்குள் அவரிடம் பேசிவிட வேண்டும். ஒரு மணி நேரத்தில் நாப்கின் நனையும் உதிரப்போக்கு, காய்ச்சல், கடும் தலைவலி, ஒரு கால் மட்டும் வீங்குவது என்றால் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அழுகை இரண்டு வாரம் தாண்டினாலோ, குழந்தை தூங்கியும் அவளுக்குத் தூக்கம் வராவிட்டாலோ, தாய்மார் மனநல உதவிக்கான 1-833-852-6262 என்ற இலவச எண்ணில் இரவும் பகலும் ஸ்பானிஷிலேயே பேசலாம். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்வேன் என்றால் உடனே 911. அந்த இலவச எண்ணை இன்றே குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டுங்கள், மாமியார் கண்ணிலும் படும்படி.