மாட்டு ஊசியும் பாறு கழுகும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மூன்று வருடமாகக் கடைக்குத் துணிப்பைதான் கொண்டுபோகிறேன். கல்யாண வீடுகளில் பாட்டில் தண்ணீரைத் தொடுவதில்லை. போன மாதம் ஒரு விசேஷத்தில் என் கொழுந்தனார் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "ஏனுங்க அண்ணி, நீங்க ஒருத்தர் பாட்டில் வாங்காததால சத்தியமங்கலம் காட்டுல எத்தனை யானை பொழைச்சுது?" எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. யோசித்தால் எனக்கும் காட்டுக்கும் என்ன சம்பந்தம்? அப்பா அந்தியூர் பக்கம் இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறார், லீவுக்குப் போனால் தூரத்தில் மலை தெரியும், அவ்வளவுதான். நம் அன்றாடப் பழக்கங்களால் காட்டு உயிர்களுக்கு உண்மையிலேயே ஏதாவது ஆகிறதா, இல்லை நம் மனத் திருப்திக்குச் சொல்லிக்கொள்வதா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்,

துணிப்பையைப் பிறகு பார்ப்போம். போகிறபோக்கில் இரண்டு மாடுகளைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கிறது.

பாறு கழுகுகளைப் பார்த்திருக்கிறீர்களா? ஊரில் பிணந்தின்னிக் கழுகு என்பார்கள். எண்பதுகள் வரை இந்தியாவில் இவற்றுக்குப் பஞ்சமே இல்லை. செத்த மாட்டைத் தோலுரித்து ஊருக்கு வெளியே போட்டால் கூட்டமாக இறங்கி, ஒரு மணி நேரத்துக்குள் எலும்பை மட்டும் மிச்சம் வைக்கும். தொண்ணூறுகளில் ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் இவை மளமளவென்று குறைவதைக் கவனித்தார். கழுத்தைத் தொங்கப்போட்டபடி உட்கார்ந்திருக்கும் பறவைகள், கொஞ்ச நாளில் மரத்தடியில் செத்துக் கிடக்கும். 2007 கணக்கெடுப்பில் வெண்முதுகுப் பாறு என்ற வகை 99.9 சதவீதம் அழிந்திருந்தது. 1992இல் ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று.

புது வைரஸாக இருக்குமோ, பூச்சிமருந்தாக இருக்குமோ என்று பல வருடம் தேடினார்கள். 2004இல் பாகிஸ்தான் பஞ்சாபில் ஆய்வு செய்த லிண்ட்சே ஓக்ஸ் குழு காரணத்தைக் கண்டுபிடித்தது: டைக்ளோஃபெனாக். நம் வீட்டுப் பெரியவர்கள் மூட்டுவலிக்குப் போட்டுக்கொள்ளும் அதே மருந்துதான். தொண்ணூறுகளில் மலிவாகி, மடிவீக்கத்துக்கும் நொண்டலுக்கும் காய்ச்சலுக்கும் மாடுகளுக்குப் போட ஆரம்பித்தார்கள். மாட்டுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் அந்த மாடு செத்து அதன் இறைச்சியைப் பாறு தின்றால், சில நாட்களில் சிறுநீரகம் செயலிழக்கும். அறுத்துப் பார்த்தால் உள்ளுறுப்புகள்மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்திருக்கும்.

இப்போது உங்கள் கொழுந்தனாரின் கணக்குக்கு வருவோம். இத்தனை பறவைகள் சாக எத்தனை மாடுகளில் அந்த மருந்து இருந்திருக்க வேண்டும்? பாதிக்குப் பாதி? நூறில் பத்து? செத்த கால்நடைகளில் நூறில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் இருந்தாலே இந்த அழிவுக்குப் போதும் என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பாறுகள் தனியாகச் சாப்பிடுவதில்லை, ஒரு மாட்டில் பத்து இருபது உட்காரும். வருடத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து இனப்பெருக்கத்துக்குத் தயாராக ஐந்து வருடம்வரை ஆகும். இழப்பை ஈடுகட்ட வழியே இல்லை.

எனக்கு இதில் உறுத்துகிற விஷயம் வேறு. இந்த மருந்து மாட்டின் உடம்பில் சில நாட்கள்தான் தங்கும். ஆகவே பாறுகளைக் கொன்றவை, ஊசி போட்ட இரண்டு மூன்று நாளில் செத்துப்போன மாடுகள். கறவை நின்றதும் அடிமாட்டுக்கு விற்றவரோ, வைத்தியத்துக்குக் காசு எதற்கு என்று விட்டவரோ இதில் இல்லை. நோயாளி மாட்டுக்குக் கடைசி வரை ஆள் வைத்துப் பார்த்தவர்தான் இருக்கிறார். அவரைக் குற்றவாளி என்று எப்படிச் சொல்வது? நோக்கம் நல்லதாக இருந்தால் விளைவும் நல்லதாக இருக்கும் என்ற கணக்கு இங்கே செல்லுபடியாகவில்லை.

பாறுகள் போனதும் செத்த மாடுகள் அப்படியே கிடந்து அழுகின. தெருநாய்கள் பெருகின, வெறிநாய்க்கடித் தடுப்பூசி விற்பனை கூடியது. ஈயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள், பாறுகள் நிறைய இருந்த மாவட்டங்களையும் இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டு, 2000 முதல் 2005 வரை ஏறக்குறைய 5 லட்சம் மனிதர்கள் இதனால் கூடுதலாக இறந்திருக்கிறார்கள் என்று மதிப்பிட்டார்கள். மும்பை பார்சிகள் இறந்தவர் உடலைப் பாறுகளுக்கு விடும் வழக்கம் உள்ளவர்கள். பாறுகள் இல்லாததால் அவர்கள் மலபார் ஹில்லில் சூரிய வெப்பத்தைக் குவித்து உடலை உலர்த்தும் கருவிகளை வைக்க வேண்டியதாயிற்று. நம்மூர்த் திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் சர்க்கரைப் பொங்கல் வாங்கித் தின்ன வந்த மஞ்சள்முகப் பாறுகளும் தொண்ணூறுகளுக்குப் பிறகு வருவதில்லை. (அவை ஏன் நின்றன என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நான் அதற்குள் போகவில்லை.)

ஆக, அன்றாடப் பழக்கத்தால் காட்டு உயிர்களுக்கு ஏதாவது ஆகிறதா என்றால், ஆகிறது. நாம் நினைப்பதைவிடப் பயங்கரமாக ஆகிறது.

ஆனால் உங்கள் கொழுந்தனார் சொன்னதில் பாதி சரி. ஒவ்வொரு மாட்டுக்காரரும் மனம் மாறித்தான் பாறு பிழைக்க வேண்டுமென்றால் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. மாற்ற வேண்டியிருந்தது கடை அலமாரியை. 2006இல் கால்நடைக்கான டைக்ளோஃபெனாக் தடை செய்யப்பட்டது. உடனே மனிதர்களுக்கான 30 மில்லி குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015இல், மனித மருந்தும் இனி 3 மில்லி குப்பியில்தான் வரவேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. இந்தக் கதையிலேயே எனக்குப் பிடித்த இடம் இதுதான். மாட்டுக்கு ஊசி போட வேண்டுமானால் இப்போது வரிசையாகப் பல குப்பிகளை உடைத்து உறிஞ்ச வேண்டும். காசும் அதிகம், கையும் வலிக்கும். யாருக்கும் உபதேசம் செய்யாமல் ஒரு பழக்கத்தின் கழுத்தைப் பிடித்துவிட்டார்கள். மருந்து நிறுவனம் வழக்குப் போட்டும், சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் உத்தரவு செல்லும் என்றது.

அதற்காக எல்லாம் முடிந்துவிடவில்லை. பாறுகளுக்கு நஞ்சாகும் வேறு வலிமருந்துகளான கீட்டோப்ரோஃபெனையும் அசிக்ளோஃபெனாக்கையும் கால்நடைகளுக்குத் தடை செய்ய 2023 ஆகிவிட்டது. நிமசுலைடுக்குத் தடை அதற்கும் பிறகுதான். ஒரு மருந்தைத் தடுத்தால் அதன் தம்பி வந்து உட்கார்ந்துகொள்கிறது. மாட்டுக்கு விற்பனைக்கு விடும் முன்பே பறவைக்கு ஆபத்தா என்று சோதித்துவிட்டால் இந்த ஓட்டமே தேவையில்லை. நான் கோபப்படுவதென்றால் அதற்குத்தான் கோபப்படுவேன், மாட்டுக்காரர்மேல் அல்ல.

துணிப்பையை நான் குறைத்துச் சொல்லவில்லை, தொடருங்கள். ஆனால் ஊட்டிக்குப் போகும் வழியில் சோதனைச்சாவடியில் தண்ணீர் பாட்டிலை வாங்கி வைத்துக்கொள்கிறார்களே, உங்கள் மூன்று வருட வைராக்கியத்தைவிட அதற்குப் பலம் அதிகம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நமக்குச் சோர்வு வரும், விசேஷ வீட்டில் வெட்கம் வரும். சோதனைச்சாவடிக்கு இரண்டும் கிடையாது.

சரி, அந்தியூருக்கு வருவோம். அங்கே தெரியும் மலைத்தொடரோடு மேற்கே போனால் மாயாறு பள்ளத்தாக்கு. தென்னிந்தியாவில் மிஞ்சிய பாறுகள் சில நூறுதான். அவற்றில் பெரும்பகுதி முதுமலை, சத்தியமங்கலம், பந்திப்பூர், வயநாடு காடுகளில் இருக்கிறது. ஆற்றோர நீர்மருது மரங்களில் கூடு கட்டுகின்றன. இரை தேடி ஒரே நாளில் பல பத்து கிலோமீட்டர் சுற்றும் பறவைக்கு மாவட்ட எல்லை, காட்டு எல்லை எல்லாம் தெரியாது. காட்டோரக் கிராமங்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மாட்டைச் சிறுத்தை அடித்துவிட்டால், ஆத்திரத்தில் மிச்சத்தில் பூச்சிமருந்தைத் தூவிவிடுவார்கள். சிறுத்தை திரும்பி வருவதற்குள் பாறு வந்துவிடும். இழப்பீடு கைக்கு வரத் தாமதமானால் ஆத்திரம் எப்படி அடங்கும்?

அப்பாவிடம் ஒன்று கேளுங்கள்: மாட்டுக்குக் காய்ச்சல் வந்தால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுகிறாரா, கடைக்காரர் கொடுப்பதை வாங்கிப் போடுகிறாரா? கடைதான் என்றால், மெலாக்சிகாம் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பாறுக்குப் பாதுகாப்பானது என்று சோதித்துப் பார்த்த வலிமருந்து அது, இப்போது எளிதாகக் கிடைக்கிறது. டோல்ஃபெனாமிக் அமிலமும் அப்படித்தான். அளவை மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.