வீட்டில் பேணப்படும் பழைய கார்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்னையை அடுத்த வண்டலூரில் ஒரு காலத்தில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ஸ்டாண்டர்டு கெஸல் கார்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, இத்தகைய வண்டிகளை வீட்டில் வைத்திருப்பவர்கள் பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

என் மாமனார் 1974இல் வாங்கிய ஸ்டாண்டர்டு கெஸல் கார், அவர் மறைந்தபின் ஆறு ஆண்டுகளாக எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. விற்க மனமில்லை. புதிய பேட்டரி போட்டு, நான்கு பேர் தள்ளிவிட்டால் ஓடிவிடும் என்று எங்கள் ஊர் மெக்கானிக் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா?
(வாசகி, கும்பகோணம்)

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஆறு ஆண்டுகள் நின்ற எஞ்சினில் சிலிண்டரின் உட்சுவர்களில் எண்ணெய்ப் படலம் என்று எதுவும் மிஞ்சியிருக்காது. மெல்லிய துரு படிந்திருக்கும். பிஸ்டன் ரிங்குகள் ஒட்டிக்கொண்டிருக்கவும் கூடும். அந்த நிலையில் வண்டியைத் தள்ளி எஞ்சினை வலுக்கட்டாயமாகச் சுழற்றினால், ரிங் முறிவதற்கும் சிலிண்டரில் கீறல் விழுவதற்கும் நாமே வழிசெய்ததாக ஆகும். ஒரு வாரம் பொறுத்தால் தவிர்க்கக்கூடிய சேதம் அது.

முதலில் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை ஊற்றி, மூன்று நாட்கள் அப்படியே விடச் சொல்லுங்கள். அதன்பின் கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சினின் முன்புறமுள்ள கிராங்க் புல்லியின் நட்டை ஸ்பானரால் பிடித்துக் கையால் மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது இறுகினால் முரட்டுத்தனம் கூடாது. மீண்டும் ஆயில் விட்டு இன்னும் சில நாட்கள் காத்திருக்கலாம். முழுச் சுற்றும் தடையில்லாமல் வந்தபின், பழைய ஆயிலை வடித்துப் புதிய ஆயில், புதிய ஃபில்ட்டர் போட்டு, பிளக்குகள் இல்லாமலேயே ஸ்டார்ட்டரைச் சிறிது சிறிதாகச் சுழற்றி, ஆயில் அழுத்தம் ஏறுகிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். பிளக்குகளை மாட்டி ஸ்டார்ட் செய்வது அதற்குப் பிறகுதான்.

டேங்கில் உள்ள பெட்ரோல் இந்நேரம் பிசுபிசுத்து, வார்னிஷ் போலக் கெட்டிப்பட்டிருக்கும். அதில் ஒரு சொட்டுகூட கார்புரேட்டருக்குப் போகக் கூடாது. டேங்கை இறக்கிக் கழுவும்வரை, பெட்ரோல் பம்ப்புக்குச் செல்லும் குழாயை ஒரு சுத்தமான கேனில் இட்டு, அதிலிருந்து எஞ்சினை ஓட்டிப் பார்க்கலாம். ரப்பர் குழாய்களைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், அனைத்தையும் மாற்றிவிடுங்கள். எலிகள் வயர்களைக் கடித்திருக்கின்றனவா என்று டாஷ்போர்டின் அடியில் விளக்குப் பிடித்துப் பார்த்தபின்னரே பேட்டரியை இணைக்க வேண்டும். அக்காலத்து வண்டிகள் சிலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே பாடியுடன் இணைக்கப்பட்டிருக்கும் என்பதால், பழைய இணைப்பு எப்படி இருந்தது என்பதைக் குறித்துவைத்துக்கொண்டு, அதே முறையில் இணைப்பது அவசியம்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது பிரேக்கைத்தான். எஞ்சின் ஓடத் தொடங்கிய மகிழ்ச்சியில் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவரத் தோன்றும். ஆனால் அந்தக் காலத்து வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து ஒரே பிரேக் ஆயில் இணைப்புதான். ஒரு சக்கரத்தின் சிலிண்டரில் கசிந்தால் நான்கிலும் பிரேக் இருக்காது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஆறு ஆண்டுகளில் அந்த ஈரம் சிலிண்டர்களின் உள்ளே துருவாக மாறியிருக்கும். மாஸ்டர் சிலிண்டர், சக்கர சிலிண்டர்கள், வளையும் ரப்பர் குழாய்கள் ஆகியவற்றைப் பார்த்து முடிக்கும்வரை வண்டி தன் எஞ்சினின் பலத்தில் ஓர் அடிகூட நகரக் கூடாது. டிரம்மைக் கழற்றும்போது உள்ளிருக்கும் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊத வேண்டாம். பழைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். ஈரத்துணியால் துடைத்தெடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் மாமனார் வைத்திருந்த சர்வீஸ் ரசீதுகள், ஓட்டுநர் கையேடு, பழைய சாவிக்கொத்து எதையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். வண்டியில் எது எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

என்னிடம் 1966ஆம் ஆண்டு ஹெரால்டு இருக்கிறது. மாதந்தோறும் முன்சக்கர நிப்பிள்கள் அனைத்திலும் கிரீஸ் அடித்துவருகிறேன். ஆனாலும் ஸ்டீயரிங் இறுக்கமாகவே இருக்கிறது.
(வாசகர், கோவை)

நீங்கள் அக்கறையோடு செய்துவரும் அந்த வேலையில் ஓரிடத்தில் மட்டும் கிரீஸ் ஆகாது. ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான எஃகுத் தண்டின் அடிமுனை, மரையுள்ள ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகப்பட்டிருக்கும். இதை டிரனியன் என்பார்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது அந்த மரை சுழல்கிறது. அதற்கு வேண்டியது கிரீஸ் அல்ல, இபி 90 கியர் ஆயில். கிரீஸ் அந்த மரைகளின் இடுக்குகளில் சென்று பரவாமல் நாளடைவில் கெட்டிப்பட்டு, ஆயில் போகும் வழியையும் அடைத்துவிடும். பிறகு மழைநீர் உள்ளே இறங்கி, எஃகுத் தண்டை அரிக்கத் தொடங்கும்.

இதை நான் பட்டறிந்தே சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பட்டறையில் என் ஹெரால்டுக்குத் தொடர்ந்து கிரீஸ் மட்டுமே அடித்துவந்தார்கள். எனக்கும் அப்போது வேறுபாடு தெரியாது. ஒரு நாள் வீட்டு வாசலில் வண்டியைப் பின்னோக்கி எடுத்து ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பியபோது, இடப்பக்கத் தண்டு முறிந்து சக்கரம் உள்பக்கமாக மடிந்துவிட்டது. அது நெடுஞ்சாலையில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் நடுக்கமாக இருக்கிறது.

ஆகவே டிரனியன்களைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய கிரீஸை முழுவதும் நீக்குங்கள். தண்டின் மரையில் அரிப்போ மயிரிழை விரிசலோ தெரிந்தால், அதை வெல்டிங் வைத்து ஒப்பேற்றாமல் புதியதையே போட வேண்டும். இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டும் ஸ்பிட்ஃபையரும் இந்த முன்பக்க அமைப்பையே கொண்டவை என்பதால், அதற்கான பாகங்கள் அங்கே இன்றும் புதிதாகத் தயாராகின்றன, வரவழைத்துக்கொள்ளலாம். பிறகு ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் பாரத்தை நீக்கிவிட்டு, மேலே கசியும்வரை ஆயில் செலுத்துங்கள். ஆறு மாதத்திற்கு ஒரு முறையும், மழைக்காலம் முடிந்ததும் தவறாமல் ஒரு முறையும் இதைச் செய்தால் போதும். ஹெரால்டில் மூக்கோடு சேர்த்து முன்பகுதி முழுவதும் முன்னோக்கிச் சாய்வதால், டயரின் மேல் உட்கார்ந்தே இந்த வேலைகளைப் பார்க்கும் வசதி உங்களுக்கு இருக்கிறது. மற்ற வண்டிக்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அம்பாசிடர், பத்மினி, மோரிஸ் மைனர் என மூன்று கார்கள் வைத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் ஒவ்வொன்றையும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்துவிடுகிறேன். பிளாஸ்டிக் உறையும் போட்டிருக்கிறேன். இது போதுமா?
(வாசகர், பெசன்ட் நகர், சென்னை)

இரண்டுமே வண்டிக்குக் கெடுதல் செய்பவை. பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறினால் அது வெளியேறிவிடும். ஐந்தே நிமிடத்தில் அணைத்தால் சைலன்ஸரிலும் ஆயிலிலும் நீராகத் தங்கிவிடும். சோக் இழுத்து ஓடும் அந்தச் சில நிமிடங்களில் மிகையாகப் பாயும் பெட்ரோல், சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவி விடுகிறது. ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரமும் பேட்டரிக்குத் திரும்புவதில்லை. வாரந்தோறும் மூன்றையும் எழுப்புவதைவிட, முறைவைத்து வாரம் ஒன்றை வெளியே எடுத்துப் பதினைந்து, இருபது கிலோமீட்டர் ஓட்டிவருவது நல்லது. பிரேக், கிளட்ச், கியர்பாக்ஸ், டயர் ஆகிய எல்லாவற்றுக்கும் அப்போதுதான் வேலை கிடைக்கும். ஒரு வண்டியை நீண்ட நாள் நிறுத்த நேர்ந்தால், கிளட்ச் பெடலை ஒரு கட்டையால் முட்டுக்கொடுத்து அழுத்தியே வைத்துவிடுங்கள். இல்லையெனில் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கிளட்ச் பிளேட் பிளைவீலோடு ஒட்டிக்கொள்ளும்.

உங்கள் வீடு கடற்கரையை ஒட்டியிருப்பதால் பிளாஸ்டிக் உறையை உடனே எடுத்துவிடுங்கள். உப்புக்காற்றின் ஈரம் அதனுள் நுழைந்து, வெளியேற வழியின்றிப் பகலில் ஆவியாகி இரவில் தகட்டின் மேல் படியும். பருத்தித் துணி உறையும் காற்றோட்டமுள்ள கூரையுமே போதும். கதவுகளின் அடிவிளிம்பில் நீர் வடிவதற்கென்று சிறு துளைகள் இருக்கும். பெயின்ட் அடிப்பவர்கள் அவற்றைப் பட்டி பூசி அடைத்துவிடுவது வழக்கம். ஒரு கம்பியால் அவற்றைத் திறந்து விட்டாலே பாதித் துரு நின்றுவிடும். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். காய்ச்சி வடித்த நீருடன் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடவே கூடாது; கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இப்போது கிடைக்கிறது. 1982ஆம் ஆண்டு பத்மினிக்கு அது ஒத்துவருமா?
(வாசகர், மதுரை)

அந்த 1089 சிசி எஞ்சின் இப்படியொரு எரிபொருளை எண்ணி வடிவமைக்கப்பட்டதல்ல. எனினும் சில மாற்றங்களோடு ஓட்டலாம். எத்தனால் பழைய வகை ரப்பரை ஊதவும் இளகவும் செய்வதால், பெட்ரோல் குழாய்களை வைட்டான் வகைக் குழாய்களாக மாற்றி, பம்ப்பின் டயாஃப்ரத்தையும் கார்புரேட்டர் வாஷர்களையும் புதுப்பித்துக்கொள்ளுங்கள். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். ஈரம் அளவு மீறினால் பெட்ரோலிலிருந்து பிரிந்து, நீரோடு சேர்ந்து டேங்கின் அடியில் தங்கித் தகட்டை அரிக்கும். அதனால் ஒரு மாதத்தில் ஓட்டித் தீர்க்கக்கூடிய அளவுக்கே பெட்ரோல் போடுங்கள். எத்தனால் எரியக் குறைவான காற்றே வேண்டும் என்பதால், பழைய ஜெட்டில் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளை) கலவை சற்று வறண்டு, எஞ்சின் சூடேறலாம், இழுவையில் திக்கலாம். அவ்வாறு நேர்ந்தால் மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கச் சொல்லுங்கள்.

எத்தனாலுக்கு முன்பே நடந்த ஒரு மாற்றத்தையும் நீங்கள் கவனிக்க வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000ஆம் ஆண்டோடு நின்றுபோனது. பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகளை, அதாவது வால்வு மூடும்போது வந்து உட்காரும் வளையங்களைத் தேயாமல் காத்துவந்தது அந்த ஈயம்தான். டாப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி) அடிக்கடி தானாகவே குறைந்துகொண்டு வந்தால், இருக்கைகள் தேய்ந்து வால்வுகள் உள்ளே இறங்குகின்றன என்று பொருள். அடுத்த முறை சிலிண்டர் ஹெட்டைக் கழற்றும்போது கடினப்படுத்திய இருக்கைகளைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

சிப்பானி டால்ஃபின் ஒன்று மலிவாக வருகிறது. ஃபைபர் பாடி என்பதால் துரு பயமில்லை என்கிறார்கள். வாங்கலாமா?
(வாசகர், ஓசூர்)

ஃபைபருக்குத் துரு இல்லை. அதைத் தாங்கும் சேஸிஸ் எஃகுதான். இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டனைத் தழுவி பெங்களூரில் தயாரான இந்தச் சிறு காரை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் வாங்குமுன் வண்டியைத் தூக்கிவைத்து, சேஸிஸைச் சுத்தியலின் பின்முனையால் தட்டிப் பார்த்தே ஆக வேண்டும். அதன் 848 சிசி எஞ்சின் அலுமினியத்தால் ஆனது. கூலன்ட் இல்லாமல் வெறும் நீர் ஊற்றி ஓட்டியிருந்தால் உள்ளே அரித்திருக்கும். ஆயில் சீல், பேரிங் போன்றவற்றைப் பெயரால் தேடாமல் அளவால் தேடினால் பேரிங் கடைகளிலேயே கிடைக்கும். கண்ணாடியும் கைப்பிடியும்தான் கடினம். ஆகவே அவை குறைவின்றி இருக்கும் வண்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

1968ஆம் ஆண்டு காருக்கு வின்டேஜ் பதிவு எடுப்பது நல்லதா?
(வாசகர், சேலம்)

2021இல் வந்த மத்திய அரசின் விதிப்படி, ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றமின்றி இருக்கும் வண்டிக்கு அந்தப் பதிவு கிடைக்கும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவெண்ணில் மாநில எழுத்துகளை அடுத்து 'விஏ' என்ற எழுத்துகள் வரும். ஆனால் அப்படிப் பதிவுசெய்த வண்டியைக் கண்காட்சி, வின்டேஜ் அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்காக மட்டுமே சாலையில் எடுக்கலாம். காய்கறி வாங்கவும் கோயிலுக்குப் போகவும் அதை எடுப்பவராக நீங்கள் இருந்தால், எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) காட்டி ஐந்தாண்டுக்கு ஒரு முறை வழக்கமான பதிவையே புதுப்பித்து வாருங்கள். நான் என் ஹெரால்டுக்கு அப்படித்தான் செய்துவருகிறேன்.