எலும்புத் துண்டும் கம்பளி ஸ்வெட்டரும்

கேள்வி: என் பொண்ணு பயோகெமிஸ்ட்ரி கடைசி வருஷம். பழங்கால எலும்புல இருக்குற புரோட்டீனைத்தான் ஆராய்ச்சி பண்ணுவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. டிஎன்ஏ இருக்கும்போது புரோட்டீன் எதுக்கு? அதுல அப்படி என்ன வேலை? – குழம்பிப்போன அப்பா

பதில்: சார், டிஎன்ஏ அளவுக்கு புரோட்டீன் விவரம் சொல்லாது, அதை முதல்லயே ஒத்துக்கிறேன். ஆனா டிஎன்ஏ சூட்டுல சீக்கிரம் சிதைஞ்சுடும், புரோட்டீன் தாக்குப்பிடிக்கும், அதுவும் பல் எனாமலுக்குள்ள மாட்டிக்கிட்டா கேக்கவே வேணாம். ஜார்ஜியா நாட்டுல தமானிசியில கிடைச்ச காண்டாமிருகப் பல்லுல, கிட்டத்தட்ட 17.7 லட்சம் வருஷம் பழசு, டிஎன்ஏ கிடைக்கல, புரோட்டீனை 2019ல படிச்சுட்டாங்க.

வேலைன்னா... பொறுமைதான் பாதி வேலை. சைபீரியாவுல டெனிசோவா குகையில எந்தப் பிராணியோடதுன்னே தெரியாத எலும்புத் துணுக்குங்க குவிஞ்சு கிடந்துச்சு. சமந்தா பிரவுன்னு ஒரு மாணவி 2000க்கும் மேல துணுக்குங்கள்ல துளித்துளியா வெட்டி, எலும்புல நிறைய இருக்குற கொலாஜன்ங்குற புரோட்டீனை பிரிச்சு, என்சைம் போட்டு துண்டாக்கி, மூலக்கூறு எடையை அளக்குற மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் மெஷின்ல எடை பாத்துக்கிட்டே போனாங்க (அந்தத் துண்டுங்களோட எடையை வச்சுத்தான் எந்தப் பிராணின்னு சொல்றது), எல்லாம் மிருகம் மிருகம் மிருகம்னே வருது, கடைசியில ரெண்டரை சென்டிமீட்டர் துண்டு ஒண்ணு மட்டும் மனுஷ இனம்னு வந்துச்சு. அதுக்கப்புறம் அதுல டிஎன்ஏ பாத்தா, 2018ல தெரிஞ்சுது: அம்மா நியாண்டர்தால், அப்பா டெனிசோவன், ரெண்டுமே அழிஞ்சுபோன பழைய மனுஷ இனங்க! அந்தக் குவியல்ல எதை டிஎன்ஏவுக்கு அனுப்பணும்னு காட்டிக் குடுத்ததே புரோட்டீன்தான்.

தலைவலியும் உண்டு. செம்மறியையும் வெள்ளாட்டையும் பிரிச்சு சொல்ற கொலாஜன், மாட்டையும் பைசனையும் பிரிக்காது. அதைவிடப் பெரிய தொல்லை கெரட்டின்ங்குற புரோட்டீன். நம்ம தோல், முடியிலருந்து உதிர்ந்து சாம்பிள்ல ஒட்டிக்கும், கம்பளி ஸ்வெட்டரோட லேபுக்குள்ள போனா ஆட்டோட கெரட்டினும் சேந்து வரும், அப்புறம் எது பழசு எது புதுசுன்னு ஒவ்வொரு தடவையும் நிரூபிச்சுக்கிட்டே இருக்கணும்.

பொண்ணுக்கு கெமிஸ்ட்ரி கைவசம் இருக்கு, புள்ளியியலும் கொஞ்சம் புரோகிராமிங்கும் கத்துக்கச் சொல்லுங்க. கோபன்ஹேகன், யார்க், கேம்பிரிட்ஜ் மாதிரி இடங்கள்ல இதுக்கு குழுக்கள் இருக்கு. பிஎச்டி முடிச்சதும் ரெண்டு மூணு வருஷ கான்ட்ராக்ட் வேலைங்கதான் அதிகம், அதையும் மறைக்காம பேசிடுங்க.

கேள்வி: புரோட்டீன் எடுக்கணும்னா வெட்டித்தான் ஆகணுமா?

பதில்: எலும்புன்னா பெரும்பாலும் ஆமா. ஆனா தோல்ல எழுதின பழைய ஐரோப்பிய சுவடின்னா வெட்ட வேணாம், அழிரப்பரை மெதுவா தேச்சா போதும், அந்தத் தூள்லயே கொலாஜன் ஒட்டிக்கிட்டு வந்துடும். கன்னுக்குட்டித் தோலா, ஆட்டுத் தோலான்னு அதை வச்சே சொல்லிடுறாங்க. சுவடியைச் சுத்தம் பண்ணும்போது குப்பைன்னு தூக்கிப் போட்டுக்கிட்டிருந்த தூள் சார் அது!