ஆலப்புழா கால்வாய்களில் பேடில் போர்டு: சேலம் நண்பர்களுக்கு என்ன தயாரிப்பு வேண்டும்?

கேள்வி: அஸ்தம்பட்டியிலிருந்து நண்பர்கள் நான்கு பேர் டிசம்பரில் ஆலப்புழா போகிறோம். பழைய துறைமுக ஊரை பேடில் போர்டில் (நின்றுகொண்டே துடுப்புப் போடும் மிதவைப் பலகை) நின்றபடியே சுற்றிப் பார்க்க ஆசை. இரண்டு பேருக்கு நீச்சல் தெரியாது. ஏற்காடு ஏரியில் பழகிவிட்டுப் போனால் போதுமா?

பதில்: ஏற்காட்டை விடுங்கள், முதலில் நீச்சல். அந்த இருவரும் இன்றே நீச்சல் குளத்தில் சேரட்டும். லைஃப் ஜாக்கெட் ஆளை மிதக்க வைக்கும், விழுந்ததும் வரும் பதற்றத்தை அது தணிக்காது. ஏற்காடு ஏரியில் மிதிபடகுகளுக்கு நடுவே நீங்களாகப் பலகையை இறக்கக் கூடாது, அனுமதி கேட்க வேண்டும். மேட்டூர் அணைப் பக்கம் பழகப் போகவே வேண்டாம்.

நீச்சல் குள நிர்வாகம் சம்மதித்தால் அங்கேயே பழகலாம். நிற்பதைவிட விழுந்து ஏறுவதைத்தான் நிறையப் பழக வேண்டும். பலகையின் நடுவிலுள்ள கைப்பிடியை ஒரு கையால் பிடித்து, கால்களை உதைத்து உடம்பை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து, வயிற்றால் வழுக்கி ஏறுங்கள். கால் தொங்கியபடி கைபலத்தால் மட்டும் ஏறப் பார்த்தால் பலகை கவிழும். துடுப்பு உங்கள் உயரத்தைவிட ஒரு சாண் கூடுதலாக இருக்கட்டும். அதன் இலை (தண்ணீரைத் தள்ளும் தட்டையான முனை) முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். புதிதாக வருபவர்களில் பலர் இதைத் திருப்பித்தான் பிடிப்பார்கள்.

ஆலப்புழாவில் துறைமுகம் 1762-ல் திறந்தது. திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் வெட்டிய இரண்டு கால்வாய்கள்தான் வேம்பநாட்டுக் காயல் பக்கத்துச் சரக்கை ஊருக்குள் கொண்டுவந்தன. தண்ணீரிலிருந்து அந்த ஊரைப் பார்க்க நினைப்பது நல்ல ஆசை, விட்டுவிடாதீர்கள். ஆனால் ஆகாயத்தாமரை அடைத்திருந்தால் ஊர்க் கால்வாயில் இறங்காதீர்கள். பலகைக்கு அடியிலுள்ள ஃபின் (மீன் துடுப்பு போன்ற தகடு) அதன் தண்டில் சிக்கினால் பலகை சட்டென நிற்கும், நிற்பவர் முன்னால் போய் விழுவார். அந்த நாளில் கால்வாய்க் கரையோரம் நடந்தே பாருங்கள். துடுப்பை ஊருக்குக் கிழக்கே உள்ள சிறு தோடுகளில் (ஓடைகளில்) போடலாம். அங்கே உள்ளூர் வழிகாட்டி ஒருவர் கட்டாயம் வேண்டும்.

விடிந்ததும் இறங்கிவிடுங்கள். இரவில் கரை ஒதுங்கிய படகு வீடுகள் அப்போது கிளம்பியிருக்காது, கடற்காற்றும் எழுந்திருக்காது. நின்றுகொண்டிருக்கும் மனித உடம்பு காற்றுக்குப் பாய்மரம் மாதிரி. அதனால் போகும்போது எதிர்காற்றில் போங்கள், திரும்பும்போது அதே காற்று உங்களைத் தள்ளிவரும். பெரிய படகு கடந்தால் மண்டியிட்டு, பலகையின் மூக்கை அலைக்கு நேராகத் திருப்புங்கள். புதியவர்கள் இரண்டு மணி நேரத்தில் ஐந்து கிலோமீட்டருக்குமேல் திட்டமிட வேண்டாம். நால்வரில் மெதுவாகப் போகிறவரின் வேகம்தான் குழுவின் வேகம்.

காலில் ஆறாத காயம் இருப்பவர் தண்ணீரில் இறங்கக் கூடாது, எலிக்காய்ச்சல் கிருமி அந்த வழியாக நுழையலாம். ஊர் திரும்பிய இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி வந்தால் உடனே மருத்துவரிடம் போய், காயலில் இறங்கியதையும் சொல்லுங்கள்.