கப்பல் வராத நாளில் யார் பதில் சொல்வது?
வாசகர் கேள்வி-பதில்

டெண்டர் மூலம் நடக்கும் தீவுக் கப்பல் சேவைகள் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் தீவுக் கப்பலை அரசு டெண்டர் விட்டு ஒரு நிறுவனத்திடம் கொடுத்திருக்கிறது. கப்பல் நின்றுபோனால் நிறுவனம், ‘கப்பல் எங்களுடையது இல்லை’ என்கிறது. கப்பலின் சொந்தக்காரர், ‘துறைமுகம்தான் சரியில்லை’ என்கிறார். அமைச்சரோ, ‘அது நிறுவனத்தின் அன்றாட நிர்வாகம்’ என்று கைகழுவிவிடுகிறார். நாங்கள் யாரைக் கேட்பது?

பதில்: அரசைத்தான். எந்தத் துறையிலிருந்து எந்தத் துறைக்கு, நாளுக்கு எத்தனை நடை, என்ன கட்டணம், எவ்வளவு பெரிய கப்பல் என்பதெல்லாம் டெண்டர் விடுவதற்கு முன்பே அரசு முடிவு செய்தவை. நடத்துநர் கையில் மிஞ்சுவது பணியாளர், பயணச்சீட்டு, அன்றாடப் பராமரிப்பு ஆகியவைதான்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைத் தீவுகளில் இந்தப் பிரிவினை துலக்கமாகத் தெரியும். அங்கே ‘டிரான்ஸ்போர்ட் ஸ்காட்லாந்து’ என்ற அரசு முகமை தேவையை வரையறுத்துப் பணம் கொடுக்கிறது. கப்பல்களும் பல துறைகளும் ‘சீமால்’ நிறுவனத்தின் சொத்து. ஓட்டுவது ‘கால்மாக்’. முன்பு ஒன்றாக இருந்த நிறுவனத்தை 2006-இல் இப்படி உடைத்ததே டெண்டர் விடுவதற்காகத்தான். மூன்றுமே அரசுக்குச் சொந்தமானவை. இருந்தும் ஒரு கப்பல் நின்றால் பயணி மூன்று வாசல் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது.

மனு எழுதும்போது மொத்தமாக ‘சேவை மோசம்’ என்று எழுதாதீர்கள். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு ரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பதிவான காரணம் என்ன, அந்தக் காரணம் ஒப்பந்தப்படி யார் பொறுப்பில் வருகிறது, அதற்காக நடத்துநருக்குத் தரும் பணத்தில் பிடித்தம் செய்யப்பட்டதா என்று மூன்றே கேள்விகள் கேளுங்கள். கூடவே ஒப்பந்தத்தின் இணைப்புகளையும் கேட்டு வாங்குங்கள். முதன்மை ஒப்பந்தத்தில் பெரும்பாலும் வழக்கமான சட்ட வாசகங்கள்தான் இருக்கும். கால அட்டவணை, செயல்திறன் விதிகள், கப்பல் வாடகை உடன்படிக்கை, துறைப் பயன்பாட்டு நிபந்தனை எல்லாம் இணைப்புகளில்தான் கிடக்கும்.

கேள்வி: எங்கள் கப்பல் வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது நின்றுவிடுகிறது. ஆண்டறிக்கையில் மட்டும் ‘நம்பகத்தன்மை 99 சதவீதம்’ என்று போடுகிறார்கள். பொய்க் கணக்கா?

பதில்: பொய்யாக இருக்க வேண்டியதில்லை. கணக்கில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற வரையறைதான் விஷயம். ஒரு கற்பனை மாதத்தை எடுத்துக்கொள்வோம். 30 நாள், நாளுக்கு 4 நடை, மொத்தம் 120. ஓடியவை 96. நின்ற 24-இல் 15 வானிலையால், 5 துறைப் பழுதால், 4 இயந்திரக் கோளாறால். பயணிக்குக் கிடைத்தது 96/120, அதாவது 80 சதவீதம்.

ஒப்பந்தம் எப்படிக் கணக்கிடும்? நடத்துநரின் கட்டுப்பாட்டில் இல்லாத காரணங்களை ‘விலக்கு நிகழ்வுகள்’ என்று பிரித்து, அவற்றை ஓடியதாகவே எடுத்துக்கொள்ளும். வானிலையும் துறைப் பழுதும் விலக்கில் போனால் 116/120, அதாவது 96.7 சதவீதம். இதோடு நிற்பதில்லை. இயந்திரம் கெட்ட மறுநாளே நடத்துநர் ‘தற்காலிக அட்டவணை’க்கு ஒப்புதல் வாங்கிவிடுகிறார் என்று வையுங்கள். அடுத்த மூன்று நாள்களில் ஓடாத மூன்று நடைகள் அட்டவணையிலேயே இல்லாமல் போய்விடும். ஆகவே மொத்தம் 117, ஓடியதாகக் கொள்வது 116. விடை 99.1 சதவீதம்! ஒரு எண்ணைக்கூட யாரும் பொய்யாக எழுதவில்லை.

விலக்கு என்பதே அநியாயம் என்று சொல்ல மாட்டோம். புயலுக்காக நடத்துநரைத் தண்டித்தால் அடுத்த டெண்டரில் அந்த ஆபத்துக்கும் சேர்த்து விலை ஏற்றிக் கேட்பார்கள். ஆனால் பணம் பிடிப்பதற்கான அந்த எண்ணையே மக்களுக்கான அறிக்கையாகவும் வெளியிடுவது தவறு. முதலில் அறிவித்த அட்டவணைப்படி எத்தனை, உண்மையில் ஓடியது எத்தனை, நின்றவை எந்தக் காரணத்தால் எத்தனை என்று தடவாரியாக, மாதவாரியாக வெளியிடச் சொல்லுங்கள். ஒரு பெரிய வலையமைப்பின் சராசரிக்குள் சின்னத் தீவின் அவதி காணாமல் போய்விடும்.

நீங்களும் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, அட்டவணை நேரம், புறப்பட்ட நேரம், அறிவித்த காரணம், அறிவிப்பு வந்த நேரம், காற்றின் வேகமும் திசையும் என ஆறு கட்டம் போதும். திசை முக்கியம். ஒரு குறிப்பிட்ட திசைக் காற்றில் மட்டும் கப்பல் நின்றால், துறை அந்தப் பக்கம் திறந்து கிடக்கிறது என்றோ, பக்கவாட்டுக் காற்றில் அந்தக் கப்பல் கரையணைய முடியவில்லை என்றோ சந்தேகிக்கலாம். அப்படியானால் அதை வெறும் வானிலை என்று எழுதிவிட்டுப் போக முடியாது. கப்பலையும் துறையையும் தேர்ந்தெடுத்தவர்கள் பதில் சொல்ல வேண்டும். வாகனத் தளத்தை மூடிவிட்டு ஆள்களை மட்டும் ஏற்றிப்போன நடை, இடைத் துறையைத் தொடாமல் போன நடை இவற்றையும் தனியாகக் குறியுங்கள். பல கணக்குகளில் அவை ‘ஓடியவை’தான்.

கேள்வி: அபராதத்தைப் பல மடங்கு ஏற்றினால் சரியாகிவிடாதா?

பதில்: ஓரளவுக்குத்தான் உதவும். ரத்துக்கு ஒரு தொகை, தாமதத்துக்கு வேறு தொகை என்று வைக்கும்போது எது மலிவோ அந்தப் பக்கம் நடத்துநர் சாய்வார். தாமதத்துக்கு அபராதம் அதிகமென்றால், இணைப்பு ரயிலில் வரும் பயணிகளுக்காக ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டிய கப்பல் காத்திருக்காது. இரண்டையும் ஒன்றாக வைத்துத்தான் தொகையை முடிவு செய்ய வேண்டும்.

ஒன்றை மட்டும் தொடக்கூடாது. கடல் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கை, 5-ஆம் அத்தியாயம், 34-1 விதியின்படி, உயிர்ப் பாதுகாப்புக்காகக் கப்பல் தலைவர் எடுக்கும் முடிவை உரிமையாளரோ வாடகைக்கு எடுத்தவரோ தடுக்கக் கூடாது. ‘போக முடியாது’ என்று அவர் சொன்ன நாளுக்கு அபராதம் போட்டால், அடுத்த முறை அவர் மனம் தடுமாறும். கேள்வி கேட்பதானால் அவர் கையில் கொடுத்த கப்பலைப் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: புதுக் கப்பல் வாங்கியதில் பல மடங்கு செலவு என்று படிக்கிறோம். கட்டும் தளத்தின் தவறுக்கு அரசு எப்படிப் பொறுப்பாகும்?

பதில்: ஸ்காட்லாந்தின் ‘கிளென் சானக்ஸ்’ கப்பல் கதையைப் பார்த்தால் விளங்கும். அதையும் சேர்த்து இரண்டு கப்பல்களுக்கு 2015 அக்டோபரில் 9.7 கோடி பவுண்டு நிலையான விலையில் ஒப்பந்தம். 2018-இல் வந்திருக்க வேண்டும். 2017 நவம்பரில் கிளென் சானக்ஸை ஆரவாரமாகக் கடலில் இறக்கினார்கள். முன்புறத்தில் ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு வண்ணம் பூசியிருந்தது. 2019-இல் கட்டுந்தளம் நொடித்துப்போய், அந்த டிசம்பரில் அரசே அதை எடுத்துக்கொண்டது. பிறகு பார்த்தால், உள்ளே இழுத்திருந்த மின் கேபிள்கள் நூற்றுக்கணக்கில் நீளம் போதாமல் கிடந்தன. முதல் கப்பல் பயணிகளை ஏற்றியது 2025 ஜனவரியில். இரண்டாவது கப்பலான ‘கிளென் ரோசா’ அப்போதும் கட்டுந்தளத்தில்தான் இருந்தது.

கட்டுந்தளத்தின் தவறுகள் ஏராளம்தான். ஆனால் இழப்பு அரசின் தலையில் விழுந்ததற்குக் காரணம் இரண்டு காகிதங்கள். முதலாவது, பணம் திரும்பக் கிடைப்பதற்கான உத்தரவாதம். கட்டுபவர் முடிக்கத் தவறினால், அதுவரை கொடுத்த முழுத் தொகையையும் வங்கி திருப்பித் தரும் என்பது கப்பல் கட்டும் தொழிலில் வழக்கமான பாதுகாப்பு. இங்கே அது முழுமையாக இல்லை. வாங்கிய சீமால் நிறுவனமே கவலை தெரிவித்தும் அமைச்சர்கள் மேலே போகச் சொன்னார்கள். இரண்டாவது, தவணைப் படிகள். தளம் நொடிப்பதற்குள் 8 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்தாயிற்று, கப்பலோ முடியவில்லை. ‘கடலில் இறக்கியாயிற்று’ என்பது பணம் தரும் படியாக இருந்தால், முடிந்தாலும் முடியாவிட்டாலும் இறக்கிவிடத்தான் தோன்றும். தவணையைச் சோதித்துத் தேறிய வேலையோடு கட்ட வேண்டும்.

2022 மார்ச்சில் வந்த அரசுத் தணிக்கை அறிக்கையில் எங்களை அதிகம் உறுத்தியது வேறொன்று. அந்த ஆபத்தை அமைச்சர்கள் ஏன் ஏற்றார்கள் என்பதை விளக்கப் போதிய எழுத்துப் பதிவு இல்லை என்று தணிக்கையாளர்கள் எழுதினார்கள். தவறான முடிவைக்கூட விவாதிக்கலாம். காரணமே எழுதப்படாத முடிவை எதை வைத்து விசாரிப்பது?

கப்பலோடு துறையையும் பாருங்கள். கிளென் சானக்ஸ் அதற்கென்று நினைத்திருந்த ஆர்ட்ரோசன் துறையில் அணைய முடியாமல் டிரூனிலிருந்து ஓடுகிறது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவுக்காகப் பின்லாந்தில் கட்டிய ‘ஸ்பிரிட் ஆஃப் டாஸ்மேனியா 4’ கப்பல் தயாரான பிறகும், அந்தத் தீவின் டெவன்போர்ட்டில் அது அணைவதற்கான துறை தயாராகாததால் 2024 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் லீத் துறைக்குப் போய்க் காத்துக் கிடந்தது. மிதப்பாழம் (கப்பல் நீருக்குள் அமிழும் ஆழம்), நீளம், வாகனச் சாய்தளத்தின் அகலமும் உயரமும் ஆகியவற்றைக் கப்பலுக்கு ஒரு பத்தியிலும் துறைக்கு ஒரு பத்தியிலும் எழுதிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆண்டின் மிகத் தாழ்ந்த நீர்மட்டத்தில் துறையின் ஆழம் எவ்வளவு என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.

கேள்வி: ஒரே ஒருவர்தான் டெண்டரில் கலந்துகொண்டார். இது செல்லுமா?

பதில்: செல்லக்கூடும், ஆனால் விலை நியாயமா என்ற கேள்வி இன்னும் கூர்மையாகிறது. பொதுச் சேவைக்கான மானியம் பற்றி ஐரோப்பிய நீதிமன்றம் 2003 ஜூலை 24-இல் சொன்ன ‘ஆல்ட்மார்க்’ தீர்ப்பின் நான்கு அளவுகோல்கள் எங்கும் கேட்கத் தகுந்தவை. சேவைக் கடமை தெளிவாக வரையறுக்கப்பட்டதா? மானியக் கணக்கு முன்கூட்டியே வகுக்கப்பட்டதா? செலவுக்கும் நியாயமான லாபத்துக்கும் மேல் போகவில்லையா? டெண்டர் இல்லையென்றால், நன்றாக நடக்கும் ஒரு நிறுவனத்தின் செலவோடு ஒப்பிட்டார்களா? கால்மாக்குக்கு 2025 அக்டோபர் 1 முதல் 10 ஆண்டுக்கு டெண்டரே இல்லாமல் நேரடியாக ஒப்பந்தம் தரப்பட்டது. அப்படித் தரும்போது போட்டி இல்லை, ஆகவே மேற்பார்வைதான் ஒரே கடிவாளம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2003 சட்டப்படி, அரசும் கப்பல் நிறுவனமும் அல்லாத ஓர் ஆணையர் கட்டண உச்சவரம்பை நான்காண்டுக்கு ஒருமுறை நிர்ணயிக்கிறார். இது நல்ல ஏற்பாடு.

கேள்வி: ஆவணம் கேட்டால் ‘வணிக ரகசியம்’ என்கிறார்கள்.

பதில்: உங்கள் நாட்டில் தகவல் உரிமைச் சட்டம் இருந்தால் மேல்முறையீடு செய்யுங்கள். ஸ்காட்லாந்தின் 2002 சட்டப்படி 20 வேலை நாளில் பதில் வர வேண்டும். பிறகு அதே அலுவலகத்தில் மறுஆய்வு, அதற்கும் பிறகு தகவல் ஆணையர். எண்களை மட்டும் மறைத்துவிட்டு மீதியைத் தரும்படி கேளுங்கள். ஏலத்தில் கேட்ட விலை ரகசியமாக இருக்கலாம், கொடுத்த மானியமும் பிடித்த அபராதமும் எப்படி ரகசியமாகும்? தனியார் நடத்துநர் சட்டத்துக்குள் வராவிட்டால் பணம் கொடுக்கும் அரசுத் துறையிடமே கேளுங்கள். மாதாந்திர அறிக்கை அங்கே போயிருக்கும்.

கேள்வி: தாமதத்துக்குப் பயணிக்குப் பணம் உண்டா?

பதில்: ஐரோப்பிய ஒன்றியத்தில் உண்டு. 1177/2010 விதிப்படி 4 மணி நேரம் வரையிலான பயணத்தில் 1 மணி தாமதமாகச் சேர்ந்தால் கட்டணத்தில் 25 சதவீதம், 2 மணிக்கு மேல் போனால் 50 சதவீதம். மோசமான வானிலையால் ஆனதென்றால் கிடையாது. இரண்டு மாதத்துக்குள் புகார் செய்ய வேண்டும், சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: அடுத்த டெண்டர் வரப்போகிறது. தீவு மக்களாக எதைச் சேர்க்கச் சொல்லலாம்?

பதில்: வரைவு வெளிவருமுன்பே எழுதுங்கள். விலை கேட்டபிறகு நிபந்தனையை மாற்றுவது கடினம். பயணிகள் கப்பலுக்கு ஆண்டுதோறும் பாதுகாப்பு ஆய்வு உண்டு, அடிப்பகுதியைப் பார்க்க நீர் வடித்த உலர்துறைக்கும் போக வேண்டும். அந்த வாரங்களில் எந்தக் கப்பல் வரும், அது உங்கள் துறையில் அணையுமா என்பதைப் பெயரோடு எழுதச் சொல்லுங்கள். ‘தகுந்த மாற்று ஏற்பாடு’ என்ற சொற்களுக்கு ஒரு மதிப்பும் கிடையாது. மருத்துவமனைக்குப் போய் அன்றே திரும்பும்படி காலை, மாலை நடைகள் அமைந்திருக்கின்றனவா? கடைசி நேரத்தில் வரும் தீவுவாசியின் வண்டிக்கு எத்தனை இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்?

கண்ணில் படாமல் போகும் ஒரு நிபந்தனையையும் சேருங்கள். முன்பதிவுத் தரவு, பராமரிப்புப் பதிவேடு, உதிரிபாகப் பட்டியல் மூன்றும் அரசுக்குச் சொந்தம், ஒப்பந்தம் முடியும்போது ஒப்படைக்க வேண்டும் என்று எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்த இயந்திரம் எத்தனை மணி நேரம் ஓடியது, எந்த மாதத்தில் எத்தனை லாரி வந்தது என்பது பழைய நடத்துநருக்கு மட்டுமே தெரியும். புதியவர் அதை அறியாமல் விலையை ஏற்றிக் கேட்பார், அல்லது கேட்கவே வரமாட்டார்.