மேமோகிராமில் 4ஏ – கடிதம்

அன்புள்ள அக்கா,

எனக்கு வயது 46. பள்ளி ஆசிரியை. முழு உடல் பரிசோதனைக்குச் சென்றபோது மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) எடுத்தார்கள். சனிக்கிழமை மாலை ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தது. இடது மார்பகத்தில் 8 மி.மீ. அளவில் ஒரு கட்டி, ‘பைராட்ஸ் 4ஏ’, பயாப்ஸி (ஊசியால் திசுவை எடுத்துச் சோதிப்பது) தேவை என்று இருந்தது. தொட்டுப் பார்த்தால் எதுவும் தட்டுப்படவில்லை. நான்கு என்றால் நான்காவது ஸ்டேஜ்தானே என்று எண்ணி அன்றிரவு உறங்கவேயில்லை. வியாழக்கிழமை பயாப்ஸிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணியிடம் மட்டும் சொன்னேன். ஊசி குத்தினால் பரவிவிடும், ஒரு மாதம் நாட்டு மருந்து சாப்பிட்டுப் பார் என்கிறார். கணவரிடம் சொல்லவில்லை. மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்குகிறது. திங்களன்று வாங்கிவந்த படங்களைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். வியாழன் வரை எப்படிக் கடத்துவது என்று தெரியவில்லை.

ம.

அன்புள்ள ம.,

உங்களுக்குத் தனியே பதில் அனுப்பிவிட்டு, உங்கள் அனுமதியோடு இங்கும் வெளியிடுகிறேன். இதே எண்ணை இதே போல் படித்துக் கலங்கியவர்கள் வேறு பலரும் இருப்பார்கள்.

பைராட்ஸ் என்பது அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்களின் அமைப்பு வகுத்த முறை. படத்தில் தெரிவதை எந்த அளவுக்குச் சந்தேகிக்க வேண்டும் என்று கதிரியக்க மருத்துவர் உங்கள் மருத்துவருக்குச் சுருக்கமாகத் தெரிவிப்பதற்காக 0 முதல் 6 வரை எண்ணிட்டிருக்கிறார்கள். நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று சொல்லும் ஸ்டேஜுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. புற்றுநோய் என்று உறுதியான பிறகுதான் ஸ்டேஜ் என்ற பேச்சே எழும், உங்கள் விஷயத்தில் அப்படி எதுவும் உறுதியாகவில்லை. நான்காம் பிரிவு 2 விழுக்காட்டிலிருந்து 95 விழுக்காடு வரையிலான சந்தேகத்தை உள்ளடக்கிய மிக அகலமான பிரிவு என்பதால் அதை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்தார்கள். உங்களுடைய 4ஏ அவற்றுள் கீழ்ப்படி: 2 விழுக்காட்டுக்கு மேல், 10 விழுக்காடு வரை. இதே எண்ணோடு நூறு பெண்கள் பயாப்ஸி அறைக்கு வெளியே காத்திருந்தால், அவர்களில் ஏறத்தாழத் தொண்ணூறு பேரோ அதற்கும் மேலோ ஃபைப்ரோஅடினோமா போன்ற தீங்கற்ற ஒன்றுதான் என்ற முடிவைப் பெறுவார்கள். உங்கள் வயதில் பலருக்கு மார்பகத் திசு அடர்த்தியாக இருக்கும்; அந்தத் திசுவும் படத்தில் வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளையாகத் தெரியும் என்பதால் இத்தகைய சந்தேகங்கள் எழுவது சகஜம்.

மீதமுள்ள சிலரில் நீங்கள் இருக்கமாட்டீர்கள் என்று எவராலும் உறுதி கூற முடியாது. ‘ஒன்றும் இருக்காது, தைரியமாக இரு’ என்ற ஆறுதல் எனக்குப் பிடிக்காமல் போனதற்கு அதுவே காரணம். சொல்பவருக்குக் கடமை முடிந்துவிடுகிறது, கேட்பவருக்கோ அதற்குமேல் பயத்தைச் சொல்ல வாயில்லாமல் போகிறது. ஆகவே பயப்படாதீர்கள் என்று எழுதமாட்டேன். பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கும் ஒரு சந்தேகத்துக்கு எவ்வளவு பயம் தகுமோ அவ்வளவு பயப்படுங்கள், நான்காவது ஸ்டேஜுக்கு உரிய பயத்தை அதற்குக் கொடுக்காதீர்கள். கெட்ட முடிவே வந்தாலும், கைக்குத் தட்டுப்படாத 8 மி.மீ. அளவில் கண்டுபிடிக்கப்படும் கட்டி பெரும்பாலும் சிகிச்சை நன்றாகப் பலனளிக்கும் கட்டத்திலேயே இருக்கிறது.

உங்கள் அண்ணி சொன்னதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனெனில் நம் வீடுகளில் பயாப்ஸியைத் தள்ளிப்போட வைப்பது பெரும்பாலும் இந்த ஒரு பேச்சுதான். ஊசியோ கத்தியோ பட்டால் பரவிவிடும் என்ற நம்பிக்கை வெறும் கற்பனையில் பிறந்ததாக நான் நினைக்கவில்லை. கட்டி புண்ணாகி வெடிக்கும் நிலையில் மருத்துவமனைக்கு வந்த பெண்களை ஊரில் பலரும் பார்த்திருக்கிறார்கள். அப்போது ஊசி குத்தினார்கள், சில மாதங்களில் அவர் இறந்தார், குத்தியதால்தான் இறந்தார் என்று ஊர் முடிவுகட்டியது. நோய் அதற்கு முன்பே பரவியிருந்ததைப் பார்த்தவர் யாருமில்லை. ஊசி சென்ற தடத்தில் சில செல்கள் இடம்பெயரலாம் என்பதை மருத்துவர்களும் மறுப்பதில்லை. ஆனால் அதனால் நோய் உடலில் பரவுவதாகவோ ஆயுள் குறைவதாகவோ ஆய்வுகளில் தெரியவரவில்லை. நாட்டு மருந்தின் மீது எனக்குக் கோபமில்லை. கட்டி என்னவென்று தெரியாமல் எதற்கு மருந்து சாப்பிடுவது என்பதே என் கேள்வி. அண்ணியோடு வாதாட வேண்டாம். உங்கள் மீதுள்ள பிரியத்தில்தான் அவர் அப்படிச் சொல்கிறார். வியாழக்கிழமையை மட்டும் மாற்றாதீர்கள்.

அன்று என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்வதும் பயத்தைக் கொஞ்சம் குறைக்கும். பொதுவாகப் படுக்க வைத்து, ஸ்கேனில் கட்டியைப் பார்த்துக்கொண்டே அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள். அந்த ஊசி சுருக்கென்று எரியும். அதன் பிறகு, ஸ்டேப்ளர் அடித்தது போல ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்கும். சிலர் அந்தச் சத்தத்துக்கே துள்ளிவிடுகிறார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். ஒவ்வொரு முறையும் நூல் போன்ற ஒரு திசுத் துணுக்கு கிடைக்கும், சில துணுக்குகளை எடுத்தபின் அழுத்திப் பிடித்துக் கட்டுப்போட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சில நாட்கள் அந்த இடம் கன்றிப்போய் நீலம் பாரித்திருக்கும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதை இப்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். முடிவு வரச் சில நாட்கள் ஆகும்: துணுக்கைப் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, மிக மெல்லியதாகச் சீவி, சாயமேற்றிய பிறகே நுண்ணோக்கியில் பார்க்க முடியும். தாமதமானால் கெட்ட செய்தி என்று கணக்குப் போடாதீர்கள். நல்ல முடிவு வந்தால், படத்தில் கண்டதும் திசுவில் கண்டதும் ஒத்துப்போகின்றனவா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஒத்துப்போகவில்லையென்றால் மறுபடியும் பார்க்க வேண்டியிருக்கும், கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

இரவுகளைப் பற்றி எனக்குத் தெரிந்தது குறைவுதான். விளக்கை அணைத்தபின் கைப்பேசியில் தேடாதீர்கள். அந்த நேரத்தில் கண்ணில் படுவதெல்லாம் மோசமான கதைகளாகவே இருக்கும். திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்ப்பதையும் நிறுத்துங்கள், அழுத்தி அழுத்தி வலி வந்தால் அந்த வலியே புதுக் கவலையாகிவிடும். கோயிலுக்குப் போக வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகப் போய் வாருங்கள்.

நல்ல முடிவு வந்த பிறகும் மனம் உடனே சமாதானமாகவில்லையென்றால் திகைக்க வேண்டாம். டென்மார்க்கில் இப்படிச் சந்தேக அறிக்கை பெற்றுப் பின்னர் நோயில்லை என்று தெரிந்த பெண்களை மூன்றாண்டுகள் கவனித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், முதலிலேயே இயல்பான அறிக்கை பெற்றவர்களைவிட அவர்கள் மன அமைதி குன்றியே இருந்தது தெரியவந்தது. ‘அதான் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டதே’ என்று வீட்டார் சலித்துக்கொள்ளும்போது இது உங்களுக்கு உதவக்கூடும். அடுத்த மேமோகிராமுக்கு மருத்துவர் சொல்லும் தேதியை, இனி வேண்டவே வேண்டாம் என்ற வெறுப்பில் விட்டுவிடவும் கூடாது.

மகளிடம் இப்போது சொல்லத் தேவையில்லை. முடிவு தெரியாமல் அவளிடம் சொல்வதற்கு எதுவுமில்லை. கணவர் விஷயம் வேறு. அவர் பதறுவார் என்று நினைக்கிறீர்கள், பதறட்டும். வீட்டில் ஒருவருக்காவது தெரிந்தால்தான் நீங்கள் நடு இரவில் எழுந்து உட்காரும்போது ஏன் என்று கேட்க ஆளிருக்கும். இன்றிரவு மகள் உறங்கியபின் ரிப்போர்ட்டை எடுத்து அவரிடம் காட்டி, 4ஏ என்றால் என்ன என்பதையும் நீங்களே விளக்குங்கள். வியாழனன்று பழைய ஸ்கேன் இருந்தால் அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, முன்பக்கம் திறக்கும் உடையணிந்து, அவரோடு போய் வாருங்கள்.

அன்புடன்,
அக்கா